ரேஸ் வண்டிக்கு எந்த கார்புரேட்டர்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரியில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். ஓசூரிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் பையன்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டோ டெம்போவில் ஏற்றிக்கொண்டோ வருவார்கள். ஆளுக்கு ஆள் வண்டி மாறும், கேள்வி மட்டும் மாறாது. எல்லாம் காற்றையும் பெட்ரோலையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரைப் பற்றித்தான்; சுருக்கமாகக் கார்ப் என்போம். சொல்லிச் சொல்லி அலுத்துப்போனதால் எழுதியே வைத்துவிட்டேன். ட்ராக்கில் ஓட்டுகிறவர்களை மனதில் வைத்து எழுதியது; அதிலும் யமஹா ஆர்எக்ஸ் 100 மாதிரி டூ ஸ்ட்ரோக் வண்டிகளும், 150, 160 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகளும்தான் இங்கே அதிகம்.

அண்ணா, 28 மிமீ கார்ப் போட்டால் வண்டி பறக்குமா?

பறக்கலாம். ஸ்டார்ட் ஆகவே மறுக்கவும் செய்யலாம். இரண்டையும் பார்த்திருக்கிறேன்.

மாந்தோப்பில் தண்ணீர் பாய்ச்சும்போது குழாய் வாயைக் கட்டைவிரலால் பாதி அடைத்தால் தண்ணீர் வேகமாகப் பீய்ச்சும் இல்லையா? கார்பின் தொண்டையும் (28 மிமீ என்பது அதன் விட்டம்) அப்படித்தான். வழி குறுகினால் காற்றின் வேகம் கூடும், அங்கே அழுத்தம் குறையும், கீழே கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் ஜெட் என்ற சின்னத் துளைத் திருகு வழியாக மேலே உறிஞ்சப்பட்டுப் புகையாகச் சிதறும். தொண்டையை அகலமாக்கினால் காற்று அதிகம் போக இடம் கிடைக்கும், ஆனால் அதே என்ஜின் இழுக்கும்போது காற்றின் வேகம் குறையும். பெட்ரோல் சரியாக ஏறாது, ஏறினாலும் சொட்டாக விழும். கீழ் ஆர்பிஎம்மில் (என்ஜின் மெதுவாகச் சுற்றும்போது) வண்டி "ம்ம்ம்" என்று அடைத்துக்கொள்ளும்.

ஆர்எக்ஸின் ஸ்டாக் 20-லிருந்து 28-க்குப் போவது வெறும் 8 மிமீதானே என்று தோன்றும். துளையின் பரப்பைக் கணக்கிட்டுப் பாருங்கள், ஏறத்தாழ இரண்டு மடங்கு. போர்ட்டிங் செய்யாத (காற்று வழிகளைக் கடைந்து பெரிதாக்காத), கம்பெனியின் ஸ்டாக் சைலன்சர் வைத்த என்ஜினுக்கு அவ்வளவு காற்றை வைத்துக்கொண்டு செய்வதற்கு ஒன்றுமே இல்லை.

அப்படியானால் என் வண்டிக்கு எவ்வளவு அளவு?

டியூனர்கள் பல காலமாகப் பயன்படுத்தும் ஒரு கணக்கு இருக்கிறது. சிசியை லிட்டராக்கி, என்ஜின் உச்ச பவர் தரும் ஆர்பிஎம்மால் பெருக்குங்கள். வர்க்கமூலம் எடுங்கள். அதை 0.65-லிருந்து 0.9-க்குள் ஓர் எண்ணால் பெருக்கினால் கார்பின் அளவு மிமீயில் வந்துவிடும்.

ஆர்எக்ஸ் 100-ஐ எடுத்துக்கொள்வோம். 98 சிசி, அதாவது 0.098 லிட்டர். ஸ்டாக் என்ஜின் 7,500 ஆர்பிஎம்மில் உச்ச பவர் தருகிறது. பெருக்கினால் 735, வர்க்கமூலம் 27.1. 0.74-ஆல் பெருக்கினால் 20. கம்பெனி கொடுத்ததும் 20 மிமீ மிக்குனி (ஜப்பான் கம்பெனி) கார்ப்தான். அதே என்ஜினை போர்ட்டிங் செய்து, எக்ஸ்பான்ஷன் சேம்பர் என்ற ரேஸ் சைலன்சர் மாட்டி, 10,000-க்குக் கொண்டுபோனால் வர்க்கமூலம் 31.3. 0.8-ஆல் பெருக்கினால் 25.

ஆக, 24 அல்லது 26. இதுதான் ரேஸ் ஆர்எக்ஸுக்கு நான் முதலில் சொல்லும் அளவு. 28 தப்பே இல்லை, 0.9 வைத்தால் கணக்கும் 28-க்கு வருகிறது. ஆனால் அது நீண்ட நேர் பாதையில் உச்சத்திலேயே உறுமிக்கொண்டு போகிற வண்டிக்கு. கொண்டை ஊசி மாதிரி வளைந்து வளைந்து போகும் ட்ராக்கில், ஒவ்வொரு வளைவிலிருந்தும் எழுந்து வரும்போது 24 போட்டவன் 28 போட்டவனைத் தாண்டிப் போவான். 150 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் 10,000 சுற்றினால், 0.7-லிருந்து 0.75 வரை வைத்தால், கணக்கு 27-லிருந்து 29 வரை காட்டும்.

கணக்கு போடும்போது ஆர்பிஎம்மைப் பொய் சொல்லாதீர்கள். "அண்ணா 12,000 போகுது" என்பார்கள். மீட்டர் வைத்துப் பார்த்தால் 9,200.

விஎம், பிஇ, பிடபிள்யூகே, டிஎம், எஃப்சிஆர்... என்ன வித்தியாசம்?

எல்லாம் கார்ப் மாடல்களின் பெயர்கள். ஆக்சிலேட்டரை முறுக்கினால் மேலே எழுந்து தொண்டையைத் திறக்கும் அடைப்புதான் ஸ்லைடு; அதன் வடிவம்தான் முக்கிய வித்தியாசம். மிக்குனி விஎம் உருண்டை ஸ்லைடு. பழையது, எளியது, ஜெட் எங்கும் கிடைக்கும், செட்டிங்கில் சின்னத் தவறு செய்தாலும் மன்னித்துவிடும். முதல் ரேஸ் வண்டிக்கு இதைத்தான் சொல்வேன். ஆர்டி 350-யிலும் இதே குடும்பத்தின் 28 மிமீ கார்ப்தான், இரண்டு. இன்னொரு கம்பெனியான கெய்ஹினின் பிஇயும் கிட்டத்தட்ட அந்த ரகம்தான், 28 மிமீ அளவில் பிரபலம்.

பிடபிள்யூகேயில் ஸ்லைடு ஒரு பக்கம் தட்டை, மறு பக்கம் வளைவு. மிக்குனி டிஎம்மில் முழுத் தட்டை. ஸ்லைடு மெலிதாக இருப்பதால் காற்றோட்டத்துக்கு இடைஞ்சல் குறைவு, ஆக்சிலேட்டரை முறுக்கியதும் பதில் உடனே வரும். டூ ஸ்ட்ரோக் மோட்டோகிராஸ் வண்டிகளில் பிடபிள்யூகே ராஜா.

எஃப்சிஆர் ஃபோர் ஸ்ட்ரோக்குக்கானது. ஸ்லைடு உருளைகள் மேல் ஓடும், கூடவே ஆக்சிலேட்டர் பம்ப் இருக்கும்: சட்டென்று முறுக்கும்போது ஒரு பீய்ச்சு பெட்ரோலை நேராகத் தொண்டைக்குள் அடிக்கும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஸ்லைடைத் திடீரென்று திறந்தால் காற்று முந்திக்கொண்டு போய்விடும், பெட்ரோல் பின்தங்கும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் பம்ப். அருமையான சாமான். விலையும் அப்படியே. அதை வாங்கும் பணத்தில் பாதியை நல்ல பிஸ்டனுக்கும் டயருக்கும் போட்டால் லேப் டைம் அதிகம் குறையும் என்பது என் கருத்து. கேட்பவர்கள் குறைவு.

என் வண்டியில் சிவி கார்ப் இருக்கிறது. தூக்கிப் போட வேண்டுமா?

சிவி கார்பில் நீங்கள் திறப்பது ஒரு தகட்டை மட்டும். உள்ளே இருக்கும் ஸ்லைடை ரப்பர் டயாஃப்ரம் வழியாக என்ஜினின் உறிஞ்சல்தான் தூக்குகிறது. என்ஜின் கேட்கும் அளவுக்கு மட்டும் திறக்கும் என்பதால் ரோட்டுக்கு வசதி, மைலேஜும் தரும். ரேஸில் அந்த அரை நொடித் தாமதம் கையில் தெரியும். ஏர் பாக்ஸைக் கழற்றிவிட்டுத் திறந்த ஃபில்டர் மாட்டினால் ஸ்லைடின் ஏற்ற இறக்கமே குழம்பிப்போகும்.

இருந்தாலும் முதல் சீசனுக்கு அதையே வைத்துக்கொண்டு ஜெட் மட்டும் மாற்றி ஓட்டுங்கள். டயாஃப்ரத்தில் ஊசி நுனி அளவு ஓட்டை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். "டாப் எண்ட் இல்லை அண்ணா" (உச்ச ஆர்பிஎம்மில் இழுவை இல்லை) என்று வருகிற பாதி வண்டிகளுக்கு அதுதான் வியாதி.

ஒரிஜினல் எது, டூப்ளிகேட் எது? எங்கே வாங்குவது?

ஓசூர்க்காரர்களுக்கு பெங்களூரு ஜேசி ரோடு பக்கம். மற்றவர்கள் சேலம், இல்லையென்றால் சென்னையில் ஜிபி ரோடு, புதுப்பேட்டை. ஆன்லைனிலும் வாங்கலாம். எங்கே வாங்கினாலும் கண்ணும் கையும் நம்முடையதாக இருக்க வேண்டும்.

நானே ஏமாந்திருக்கிறேன். பிடபிள்யூகே 28 என்று பெட்டியில் அச்சடித்து, பளபளவென்று ஒன்று வந்தது. விலையைக் கேட்டபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். மாட்டி, ஸ்டாண்டில் நிறுத்தி ஒரு முறுக்கு முறுக்கினேன். ஆர்பிஎம் ஏறியது, கையை விட்ட பிறகும் ஏறிக்கொண்டே இருந்தது. ஸ்லைடு மேலேயே மாட்டிக்கொண்டுவிட்டது. கில் ஸ்விட்சைத் தட்டி நிறுத்தினேன். கழற்றிப் பார்த்தால் ஸ்லைடு ஓடும் பள்ளத்தில் கடைசல் பிசிறு, நகத்தில் தட்டுப்பட்டது. அதே வண்டி ட்ராக்கில் வளைவுக்கு முன்னால் இப்படிச் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை.

அன்றிலிருந்து கடையிலேயே ஒரு சோதனை செய்கிறேன். மூடியைத் திறந்து ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, ஸ்லைடை மட்டும் போட்டு கார்பைச் சாய்த்தால் அது தன் எடையிலேயே வழுக்கி விழ வேண்டும். அதே சமயம் கடகடவென்று ஆடவும் கூடாது. அப்புறம் ஜெட்டுகளைக் கழற்றிப் பார்ப்பேன். எண் தெளிவாகப் பொறித்திருக்க வேண்டும், துளை வட்டமாக, பிசிறில்லாமல் இருக்க வேண்டும். பல நகல்களில் உடம்பு சுமாராக இருக்கும், ஜெட்டும், ஸ்லைடில் தொங்கும் ஊசியும்தான் மோசம். வேறு வழியே இல்லை என்றால் அந்த உடம்பில் ஒரிஜினல் ஜெட், ஒரிஜினல் ஊசி போட்டு ஓட்டலாம்.

பெரிய கார்ப் வாங்கிவிட்டேன், அப்படியே மாட்டலாமா?

முடியாது. ஆர்எக்ஸில் காற்றை உள்ளே மட்டும் விடும் ரீட் வால்வு இருக்கிறது. கார்பை அதோடு இணைக்கும் குழாயான மேனிஃபோல்டு 20 மிமீ கார்புக்கு அளந்து செய்தது. 26 கார்பை அதில் திணித்தால் அகலமான தொண்டையிலிருந்து காற்று ஒரு படிக்கட்டில் முட்டிக்கொண்டு போகும். மேனிஃபோல்டையும் ரீட் வழியையும் சேர்த்தே அகலப்படுத்த வேண்டும்.

அதைவிட முக்கியம், காற்றுக் கசிவு. ரப்பர் மேனிஃபோல்டில் மயிரிழை வெடிப்பு இருந்தால் நீங்கள் எந்த ஜெட் போட்டாலும் செட்டிங் நிற்காது. ஐடிலிங்கில் ஓடவிட்டு மேனிஃபோல்டைச் சுற்றி டபிள்யூடி-40 லேசாக அடித்துப் பாருங்கள். சத்தம் மாறினால் கசிவு இருக்கிறது. பெட்ரோல் அடித்துச் சோதிக்கிற வீரர்களும் இருக்கிறார்கள். வேண்டாம், சூடான என்ஜின் பக்கத்தில் அது தீபாவளி.

பெட்ரோல் டேப்பையும் பாருங்கள். குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலில் பிடித்தால் நிமிடத்துக்குக் கால் லிட்டருக்குக் குறையாமல் வர வேண்டும் என்பது என் அளவுகோல்.

ஓசூரில் அருமையாக ஓடிய வண்டி இருங்காட்டுக்கோட்டையில் ஏன் சீஸ் ஆனது?

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். சீஸ் என்றால் சூட்டில் பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டு என்ஜின் நின்றுபோவது.

நம் வட்டாரத்துப் பையன்கள் ரேஸ் ஓட்டப் போவது பெரும்பாலும் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை ட்ராக்குக்கு, இல்லையென்றால் கோவை காரி ஸ்பீட்வேக்கு. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். கிருஷ்ணகிரி, தர்மபுரி எல்லாம் சுமார் 500. கோவை 400 சொச்சம். இருங்காட்டுக்கோட்டை 50 மீட்டர்கூட இல்லை.

உயரம் ஏற ஏறக் காற்று இலேசாகும். ஓசூரில் காற்றழுத்தம் சென்னையைவிடப் பத்து சதவீதம் குறைவு. வெயிலும் காற்றை இலேசாக்கும். 20 டிகிரியிலிருந்து 38 டிகிரிக்குப் போனால் ஆறு சதவீதம் போய்விடும். ஓசூரில் மதியம் 30 டிகிரி வெயிலில் நீங்கள் ஜெட் செட் செய்கிறீர்கள் என்று வையுங்கள். மறுநாள் காலை ஏழு மணி, 25 டிகிரியில் இருங்காட்டுக்கோட்டையில் முதல் பயிற்சி. அதே என்ஜினுக்குள் போகும் காற்று இப்போது சுமார் 12 சதவீதம் கூடுதல் அடர்த்தி. கார்ப் அதற்கேற்பப் பெட்ரோலைத் தானாகவே கொஞ்சம் கூட்டும், ஆனால் பாதி அளவுக்குத்தான். மீதி ஆறு சதவீதம் பற்றாக்குறை. கடற்கரை ஈரக் காற்று இதைக் கொஞ்சம் தணிக்கும், அவ்வளவுதான்.

ஆறு சதவீதம் என்பது மிக்குனியில் 110 மெயின் ஜெட் (முழு ஆக்சிலேட்டரில் பெட்ரோல் தரும் ஜெட்) போட்டவனுக்கு 115-ஐயும் தாண்டி 117.5 தேவைப்படும் தூரம். அவன் ஓசூரிலேயே "நல்லா கூர்மையா இருக்கு" என்று விளிம்பில் செட் செய்தவன்.

எங்கள் கூட்டத்திலேயே ஒருவனுக்கு நடந்தது. நான்காவது லேப், நேர் பாதை, முழு ஆக்சிலேட்டர். வண்டி திடீரென்று முன்னெப்போதையும்விட நன்றாக இழுத்தது என்று பிறகு சொன்னான். அதற்கடுத்த நொடி பின் சக்கரம் கீறிச்சிட்டு நின்றது. விரல்கள் கிளட்ச் மேல் இருந்ததால் பிழைத்தான். பிட்டில் என்ஜின் தலையைக் கழற்றினோம். பிளக்கின் பீங்கான் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது, அதன் மேல் உப்புத்தூள் தூவியதுபோல் மின்னும் புள்ளிகள். உருகிய பிஸ்டனின் அலுமினியம். பிஸ்டனில் சைலன்சர் பக்கம் மேலிருந்து கீழாகக் கோடு கோடாகச் சுரண்டல், ரிங் அதன் பள்ளத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. ஆயிலைக் கலந்து ஊற்றி ஓட்டும் டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடுதான் ஆயிலும் வருகிறது. பெட்ரோல் குறைந்தால் சூடு ஏறும், அதே நேரத்தில் ஆயிலும் குறையும். இரண்டு பக்கமும் அடி.

சீஸ் ஆவதற்கு முன் வண்டி நன்றாக இழுப்பதுதான் இதில் பொல்லாத விஷயம். லீன் (பெட்ரோல் குறைந்த கலவை) விளிம்பில் ஒரு டூ ஸ்ட்ரோக் பாடுகிற அழகுக்கு ஈடில்லை. அந்தப் பாட்டைக் கேட்டால் கையை எடுத்துவிடுங்கள்.

ஆகவே ஓசூர்க்காரர்கள் சென்னைப் பக்கம் இறங்கும்போது மெயின் ஜெட்டை இரண்டு அளவு (மிக்குனியில் ஐந்து ஐந்தாக; 110 என்றால் 120) கூட்டிக்கொண்டு போய், அங்கே ஒவ்வொன்றாகக் குறைத்து வாருங்கள். மேலிருந்து கீழே வருவது ஜெட் விலையோடு முடியும். கீழிருந்து மேலே போனால் பிஸ்டன், பேரல், போரிங் செலவு.

நான் தர்மபுரி. எனக்கும் இது பொருந்துமா?

கோவைக்குப் போனால் பெரிதாக வித்தியாசம் தெரியாது. சென்னைப் பக்கம் போனால் ஓர் அளவு கூட்டுங்கள்.

ஜெட்டிங்கை எங்கே ஆரம்பிப்பது?

முதலில் ஃப்ளோட் உயரம், அதாவது கிண்ணத்தில் பெட்ரோல் மட்டத்தை நிறுத்தும் மிதவை. அது தப்பாக இருந்தால் மேலே செய்வதெல்லாம் வீண். அப்புறம் மெயின் ஜெட், அதன் பிறகு ஐடிலிங்கைக் கவனிக்கும் பைலட் ஜெட், கடைசியில் ஊசி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பிளக், ஜெட், ஊசி மூன்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிட்டு "ஏதோ ஒண்ணு செட் ஆயிடுச்சு" என்பவனுக்கு அடுத்த முறை எது செட் ஆகவில்லை என்றே தெரியாது.

ஆக்சிலேட்டர் பிடியில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி, பக்கத்து ஹவுசிங்கில் இன்னொரு துண்டு ஒட்டுங்கள். முழுக்க மூடிய நிலையில் பேனாவால் இரண்டிலும் ஒரு கோடு. பிறகு கால், அரை, முக்கால், முழு என்று ஹவுசிங்கில் கோடுகள். இப்போது வண்டி எந்தக் கோட்டில் தடுமாறுகிறது என்று கண்ணால் பார்க்கலாம். மூடியதிலிருந்து கால் வரை பைலட் ஜெட்டின் ராஜ்ஜியம். அதைச் சுற்றி, கிட்டத்தட்ட பாதி வரை, ஸ்லைடின் அடியில் இருக்கும் வெட்டும் கை கொடுக்கும். வெட்டின் எண் பெரிதானால் லீன். காலிலிருந்து முக்கால் வரை ஊசி. முக்காலுக்கு மேல் மெயின் ஜெட்.

"என் வண்டி பிக்கப் இல்லை, மெயின் ஜெட் மாற்றணும்" என்று வந்தவனுக்கு டேப் ஒட்டி ஓட்டச் சொன்னால் கால் கோட்டுக்கும் அரைக் கோட்டுக்கும் நடுவில்தான் தடுமாறுகிறது. மெயின் ஜெட்டுக்கு அங்கே வேலையே இல்லை. ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினேன். கிளிப் இறங்கினால் ஊசி உயரும், கலவை ரிச் ஆகும் (பெட்ரோல் கூடும்). வேலை முடிந்தது.

முழு ஆக்சிலேட்டரில் போகும்போது லேசாக, ஒரு விரல் அளவு குறைத்துப் பாருங்கள். குறைத்ததும் வண்டி சுறுசுறுப்பாக இழுத்தால் மெயின் ஜெட் சிறிசு. உச்சத்தில் "பர்ர்ர்" என்று நாலு ஸ்ட்ரோக் மாதிரி அடித்தால் பெரிசு.

எல்லாவற்றையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதுங்கள்: இடம், நேரம், வெயில், ஜெட் எண்கள், பிளக் நிறம். ஐந்து ரேஸ் போனால் அந்த நோட்டு உங்கள் கார்பைவிட விலை கூடியது.

பிளக் நிறம் பார்ப்பது எப்படி?

புது பிளக் போட்டு, என்ஜின் சூடானபின் முழு ஆக்சிலேட்டரில் நேர் பாதையில் போய், ஆக்சிலேட்டரை மூடாமல் கில் ஸ்விட்சும் கிளட்சும் ஒரே நேரத்தில். உருண்டு வந்து நிறுத்திக் கழற்றுங்கள். ஐடிலிங்கில் பிட் வரை ஓட்டி வந்தால் நீங்கள் பார்ப்பது ஐடிலிங் நிறம்.

காபிப்பொடி நிறம் வர வேண்டும் என்பது பழைய பாடம். ஈயமில்லாத பெட்ரோலில் பீங்கானின் மேல்பகுதி பல லேப் ஓடினாலும் வெள்ளையாகவே இருக்கும். அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பீங்கான் உள்ளே போய்ச் சேரும் அடிப்பகுதியில், டார்ச் அடித்துப் பார்த்தால், ஒரு மெல்லிய பழுப்பு வளையம் தெரியும். அதைத்தான் படிக்க வேண்டும். ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் காற்று-பெட்ரோல் விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் சென்சார் வைத்து முழு ஆக்சிலேட்டரில் 13-ஐ ஒட்டி வருகிறதா என்று பார்க்கலாம். டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் புகை அந்தச் சென்சாரைத் தின்றுவிடும்.

ஏர் ஸ்க்ரூ எத்தனை சுற்று?

முதலில் அது ஏர் ஸ்க்ரூதானா என்று பாருங்கள். ஃபில்டர் பக்கம் இருந்தால் காற்று. வெளியே திருப்பினால் லீன். என்ஜின் பக்கம் இருந்தால் பெட்ரோல். வெளியே திருப்பினால் ரிச். இது தெரியாமல் தலைகீழாகத் திருப்பிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம்.

ஏர் ஸ்க்ரூவை முழுக்க மூடி, ஒன்றரைச் சுற்று திறந்து ஆரம்பியுங்கள். ஐடிலிங் மிகச் சீராக வரும் இடம் அரைச் சுற்றுக்குள்ளேயே இருந்தால் பைலட் ஜெட் பெரிசாக வேண்டும். இரண்டரைக்கு மேலே போனால் சிறிசாக வேண்டும்.

மிக்குனி 120-ம் கெய்ஹின் 120-ம் ஒன்றுதானா?

இல்லை. மிக்குனியின் அறுகோண மெயின் ஜெட்டில் எண் என்பது அதன் வழியே பாயும் அளவு. கெய்ஹினில் எண் என்பது துளையின் விட்டம், மிமீயில் நூறில் ஒரு பங்குக் கணக்கில். விட்டம் ஐந்து சதவீதம் கூடினால் பரப்பு பத்து சதவீதம் கூடும். அதனால் கெய்ஹினில் ஒரு படி ஏறுவது மிக்குனியில் ஏறுவதைவிடப் பெரிய தாவல். விஎம் கழற்றிவிட்டு பிஇ மாட்டுபவர்கள் பழைய எண்ணை மறந்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஜெட்டை ட்ரில் போட்டுப் பெரிதாக்கலாமா? மைலேஜுக்குச் செம்பு இழை விடுவார்களே?

வேண்டாம். இரண்டுமே வேண்டாம். பழைய வண்டி வாங்கியிருந்தால் ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். மைலேஜுக்காக வயரிலிருந்து உருவிய ஓர் இழை உள்ளே சுருண்டு கிடக்கும். அதோடு ட்ராக்குக்குப் போனால் கதை முடிந்தது.

இ20 பெட்ரோலில் ஜெட் மாற்ற வேண்டுமா?

வேண்டும். ஒரு பங்கு பெட்ரோல் எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 போதும். வேறு மாதிரிச் சொன்னால், எத்தனால் கலந்த பெட்ரோலில் அதே காற்றுக்கு அதிக எரிபொருள் ஊற்ற வேண்டும். 20 சதவீதக் கலவைக்கு, சுத்தப் பெட்ரோலோடு ஒப்பிட்டால், ஏழெட்டு சதவீதம் கூடுதல். ஒரு காலத்து ஆர்எக்ஸ் சாம்பியனின் நோட்டிலிருந்து ஜெட் எண்ணை எடுத்து அப்படியே போட்டால் இன்று லீன். ஓசூர்–சென்னை இறக்கத்தையும் இதோடு கூட்டிப் பாருங்கள், பயமாக இருக்கும்.

எத்தனால் ஈரத்தையும் உறிஞ்சும். பழைய ரப்பர் ஓ-ரிங்குகள் ஊதிப்போகும். கேனில் பல வாரம் வைத்த பெட்ரோலை ரேஸுக்கு ஊற்றாதீர்கள்.

2டி ஆயில் கூட ஊற்றினால் பாதுகாப்புதானே?

ஆயில் கூடினால் அந்த இடத்தில் பெட்ரோல் குறைகிறது, கலவை கெட்டியாகி ஜெட்டில் மெதுவாகவும் பாய்கிறது. அதாவது லீன் ஆகிறது. ஆயில் அளவை முடிவு செய்துவிட்டு அதற்குத்தான் ஜெட் செட் செய்ய வேண்டும். லிட்டருக்கு 30 மில்லியோ 40 மில்லியோ, சீசன் முழுக்க ஒரே அளவு.

ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டால் பவர் ஏறுமா?

தார் ட்ராக்கில் கொஞ்சம் ஏறலாம். நம் ஊர்ச் செம்மண்ணில் டர்ட் ரேஸ் ஓட்டுகிறவர்கள் கனவிலும் செய்யக் கூடாது. கல்குவாரிகள் சூழ்ந்த மாவட்டம் இது, காற்றிலேயே கிரானைட் தூள் இருக்கிறது. ஒரே நாள் பயிற்சியில் ரிங்கை உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததுபோல் ஆகிவிடும். ஆயில் தோய்த்த ஃபோம் ஃபில்டர் போடுங்கள், ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பிறகும் கழுவுங்கள். ஃபில்டர் மாற்றினால் ஜெட்டும் மாறும்.

டர்ட் வண்டிக்கு இன்னொன்று: ஃப்ளோட் கிண்ணத்தின் காற்றுக் குழாய்களை டை போட்டு இறுக்கிவிடாதீர்கள். ஒரு குழாய் சேற்றில் அடைத்தாலும் இன்னொன்று மூச்சுவிட, டி-இணைப்பு வைத்து ஒன்றை மேலே டேங்க் அடிக்குக் கொண்டுபோங்கள்.

கார்ப் மாற்றிய வண்டியை ரேஸில் ஏற்றுக்கொள்வார்களா? ரோட்டில் ஓட்டலாமா?

நாட்டின் மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐயின் விதிகள் பிரிவுக்குப் பிரிவு மாறும். ஸ்டாக் பிரிவில் கார்பைத் தொடவிட மாட்டார்கள், மாற்ற அனுமதி உண்டென்றாலும் எதுவரை என்று எழுதியிருக்கும். கார்ப் வாங்கும் முன் அந்த ஆண்டின் விதிப் புத்தகத்தை வாங்கிப் படியுங்கள். காசு கொட்டிவிட்டு ஸ்க்ரூட்டினியில் (ரேஸுக்கு முந்தைய வண்டிச் சோதனையில்) திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும்.

ரோட்டில் வேண்டாம். பொது இடத்தில் பந்தயம் விட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவில் சிறையே உண்டு. தொப்பூர் கணவாயில் ஜெட் டெஸ்ட் செய்கிறேன் என்று யாராவது சொன்னால் அவர் வண்டியை நான் தொடுவதில்லை.

என்னுடையது எஃப்ஐ (ஃப்யூயல் இன்ஜெக்ஷன்) வண்டி. கார்புக்கு மாற்றலாமா?

2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்த பிறகு புது வண்டிகளில் கார்ப் கிட்டத்தட்ட ஒழிந்துவிட்டது. மாற்ற முடியும், ஆனால் இக்னிஷனும் வண்டியின் கம்ப்யூட்டரான அதே ஈசியுவில்தான் இருக்கிறது. ஒன்றைப் பிடுங்கினால் மற்றது குழம்பும். ஈசியு மேப்பிங் தெரிந்தவரைப் பாருங்கள். ஓசூர், பெங்களூரு பக்கம் இருக்கிறார்கள். உயரம், வெயில் எல்லாவற்றையும் அந்த சென்சார்களே சரிக்கட்டிவிடும், உங்களுக்கு இந்தப் பக்கமே தேவைப்படாது.

ரேஸ் அன்று பையில் என்ன இருக்க வேண்டும்?

மெயின் ஜெட் மேலே மூன்று, கீழே இரண்டு அளவு. பைலட் ஜெட் மேலும் கீழும் ஒவ்வொன்று. புது பிளக் குறைந்தது நான்கு. ஃப்ளோட் கிண்ண கேஸ்கெட், ஊசி கிளிப் (புல்லில் விழுந்தால் கிடைக்கவே கிடைக்காது, இரண்டாக வையுங்கள்). ஸ்லைடு கேபிள் ஒன்று. ஒரு சின்னத் தட்டு, கழற்றியதைப் போட. வெயில் பார்க்க ஒரு தெர்மாமீட்டர். நோட்டு.

ரேஸ் முடிந்ததும் கார்பை என்ன செய்வது?

பெட்ரோல் டேப்பை மூடி, கிண்ணத்தின் அடியில் இருக்கும் வடிகால் திருகைத் திறந்து முழுக்க வடியுங்கள். ஒரு வெள்ளைத் துணியில் வடித்தால் உள்ளே தண்ணீரோ செம்மண்ணோ இருந்தால் தெரியும். பைலட் ஜெட்டைக் கழற்றி ஊதிப் பாருங்கள். துளைக்குள் பச்சையாகப் படிந்திருந்தால் கம்பி விட்டுக் குத்தாமல் கார்ப் க்ளீனரில் ஒரு ராத்திரி ஊறப் போடுங்கள். தொண்டையில் ஒரு சுத்தமான துணியைச் செருகி வையுங்கள். அடுத்த ரேஸுக்கு முன்னால் அதை எடுக்க மறந்துவிடாதீர்கள், எங்கள் பட்டறையில் ஒருவன் மறந்தான். முக்கால் மணி நேரம் கிக்கரை உதைத்தோம்.